வெண்குட்டம் என்னும் பெயர்

மக்கள் உடல்தோலில் இயற்கை நிறம் ஆங்காங்கே நீங்கி வெளுத்தலாகிய குறைபாடு ஒன்று, தமிழ் வழக்கில் நெடுங்காலமாக ‘வெண்குட்டம்’ எனப் பெயர் பெற்று வந்தது. வடமொழி ஒலி மிக்க நடையினர் இதனை ‘வெண்குஷ்டம்’ என எழுதினர். 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு, இப்பெயரை விடுத்து ‘வெண்புள்ளிகள்’ என்றே வழங்குதல் வேண்டும் என ஆணை பிறப்பித்தது. அக்குறைபாடு உடையோரும் அவர்க்குத் துணை நின்றோரும் கூடி நடத்திய விழிப்புணர்வு இயக்கத்தின் வேண்டுகோளே அவ்வாணைக்குக் காரணமாகும். ஓர் அரசு ஒரு நோயின் பெயரை மாற்ற ஆணையிடுதல் அரிதின் நிகழ்வது. அப்பெயரில் இருந்த பிழை யாது, அப்பிழை எக்காலத்து எவ்வழியே தமிழிற் புகுந்தது என்பனவற்றை இலக்கியம், மருத்துவ நூல், சட்டம், மக்கள் வழக்கு ஆகிய நான்கன் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயியல்பைச் சிறிது தெளிதல் நன்று. தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருமைப்பொருள். அதனை ஆக்கும் உயிரணுக்கள் வெள்ளையர்க்கும் கருநிறத்தார்க்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையினவே. அவை ஆக்கும் நிறமணிகளின் பருமையும் மிகுதியும் பரவலுமே இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. உடலின் காப்புத்திறன் தன் நிறவணுக்களையே பகையெனக் கருதி அழிப்பதால் தோன்றுவது வெண்புள்ளி. இது தொற்றுவதன்று, தொடுதலாலும் உடனுண்ணலாலும் பரவுவதன்று, வெளுத்த இடத்தில் உணர்ச்சி குன்றுவதும் இல்லை. தொழுநோயோ ஒரு நுண்ணுயிரால் வருவது. நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் ஆன்சென் என்னும் மருத்துவர் 1873இல் அந்நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அது தோலையும் நரம்பையும் பற்றுவது; அதனாலாகும் தழும்பு உணர்ச்சியற்றிருத்தலே அதனை அறிதற்குரிய தலையாய குறி. ஆகவே இவ்விரண்டும் காரணத்தாலும் இயல்பாலும் முடிவாலும் முற்றிலும் வேறானவை. இவற்றுக்கிடையே உள்ள ஒப்புமை ஒன்றே ஒன்று: இரண்டும் தோலில் வெளிறிய இடமாகத் தொடங்கல் கூடும்.

அவ்வொப்புமையும் எல்லா நாட்டார்க்கும் ஒரே தன்மையது அன்று. தொழுநோயின் தொடக்கத் தழும்பு வெள்ளைத் தோலில் செந்நிறமாய்த் தோன்றும். நம்மனோரின் மாநிறத் தோலிலோ சுற்றுப்புறத்தினும் வெளிறித் தோன்றும். வெண்புள்ளியும் அவ்வாறே. உலக மக்களுள் நூற்றுக்கு ஒருவர், மிகுந்தால் இருவர் அளவில் எல்லா இனத்தாரிடையேயும் இது காணப்படுகின்றது. ஆயினும் வடபுல ஐரோப்பியரிடத்துக் குளிர்காலத்தில் அது கண்ணுக்குப் புலனாவதே அருமை. தமிழரிடத்தோ எட்ட நிற்பாரும் காணுமாறு விளங்கித் தோன்றும். நோய் ஒன்றாக, அதனால் விளையும் துயர் மட்டும் நிறத்துக்கேற்ப வேறுபடுகின்றது. இரு நோயையும் ஒரு பெயரால் வழங்கும் மயக்கம் கருநிற மக்கள் வாழும் நாட்டில் வேரூன்றியதற்கு இது ஒரு காரணம் எனலாம், முழுக்காரணம் அன்று. வெளிறிய மக்கள் வாழ்ந்த ஐரோப்பாவிலும் இம்மயக்கம் நிகழ்ந்தமை பின்னர்க் காட்டப்பெறும்.

இனிப் பழந்தமிழ் நூல்களை நோக்குவோம். மெய்யின் நிறம், அதன் வேறுபாடு ஆகியவற்றைக் குறிக்கச் சங்கப் புலவர்க்கு இருந்த சொல்வளம் வியப்புக்குரியது. மாமை என்பது தளிரின் நிறத்தை ஒத்த மகளிர் மேனியழகு. சுணங்கு, திதலை, தித்தி என்பன மேனியில் தோன்றும் புள்ளியும் வரியும். உரையாசிரியர்கள் சுணங்கினைத் ‘தேமல்’ என்று விளக்கிச் செல்வர். இவை நோயாகக் கருதப்பட்டில, நலமாகவே பாராட்டப்பட்டன. பசலை ஒன்றே துயரின் குறியாகும். அதுவும் உடற்பிணி அன்று, பிரிவால் நேரும் நிறவேறுபாடு. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27ஆம் செய்யுளில், தலைவியின் மாமைக்கவினைப் பசலை உண்ணக் கருதுவதாகக் கூறும் கருத்து யாவரும் அறிந்ததே. திருவள்ளுவர் இப்பொருட்கு 119ஆம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். அம்மரபு பத்திப் பாடல்களிலும் தொடர்ந்தது. வில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில், முகிலைத் தூதுவிடும் எட்டாந் திருமொழிக்கண், தன்னை விட்டு நீங்கியவற்றை எண்ணுங்கால் வளைக்கும் உறக்கத்துக்கும் முன்னே ஒளிவண்ணத்தை வைத்தார். மேனியின் நிறமிழப்பு, கண்டார் இரங்குதற்குரியதாக இருந்ததேயன்றி விலகுதற்குரியதாக இருந்திலது. காதற்பாடலின் மரபைக் கொண்டு வாழ்வு முழுவதையும் அளத்தல் கூடாது என்பார் கூற்றும் பொருந்துவதே. ஆனால் நிறவேறுபாட்டை நுணுகி நோக்கும் கண்ணும், ஒவ்வொன்றற்கும் தனிப்பெயர் இடும் நாவும் அம்மக்கட்கு இருந்தன என்பதற்கு இவை போதிய சான்றாம்.

தொழுநோயையும் பழந்தமிழர் அறிந்திருந்தனர். நாலடியார் தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில் வரும் 123ஆம் செய்யுள் அந்நோயை இப்பெயராலேயே குறிப்பிடுகின்றது. உள்ளங்கை நிற்க விரல்கள் அழுகிக் குறைதலை அச்செய்யுள் அந்நோயின் குறியாகக் கூறுகின்றது. இஃது ஏட்டறிவால் எழுதியதாகத் தோன்றவில்லை, கண்டு எழுதியதே. இக்காலத் தொழுநோய் மருத்துவர் ஒருவர் நரம்பழிவின் முதிர்ந்த நிலையை விளக்கப் புகின் இதனையே கூறுவார். ஆனால் அச்செய்யுள் அந்நோய்க்குக் கற்பிக்கும் காரணம் வேறு. முற்பிறப்பில் நண்டின் காலை முரித்துத் தின்ற தீவினையே இப்பிறப்பில் விரலைக் குறைத்தது என்பது அதன் கருத்து. செயலுக்கும் விளைவுக்கும் இடையே இங்ஙனம் உறுப்பொப்புமை காணுதல் வினைக்கொள்கையாளர் மரபு. அருள்நெறி உணர்த்தும் நோக்குடன் எழுந்த இக்கூற்று, நோயுற்றானைக் குற்றவாளியாக்கும் கூற்றாகவும் முடிந்தது. நண்டுக்கு இரங்கிய புலவர் நோயாளிக்கு இரங்காது விட்டார் என்று ஒருவர் கூறின் அதனை மறுத்தல் எளிதன்று.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை காட்டும் காட்சி இதனின் வேறானது. புகார் நகரத்து ஐவகை மன்றங்களுள் இலஞ்சி மன்றம் ஒன்று. கூனர், குறளர், ஊமர், செவிடர் ஆகியோரோடு அழுகுமெய்யாளரும் அப்பொய்கையில் ஒருங்கு நீராடி நன்னிறம் பெற்று நீங்குவர் என்பது இளங்கோவடிகள் கூற்று. பொய்கையின் தெய்வத்தன்மையை நம்புவார் நம்புக. நாம் கருதற்குரியது, அழுகுமெய்யாளர் நகரின் புறத்தே ஒதுக்கப்படாது ஏனையோர் இறங்கும் நீரிலேயே இறங்கினர் என்பதாம். ‘நன்னிறம்’ பெறுதலே நோய் நீங்கியதன் அடையாளமாகச் சொல்லப்பட்டமையும் நோக்கத்தக்கது.

இவ்விரு நூல்களிலும் ‘குட்டம்’ என்னும் சொல் நோய்ப்பெயராக இவ்விடங்களில் வரவில்லை. தமிழில் குட்டம் என்பது ஆழத்தையும் குளத்தையும் குறிக்கும் சொல். குட்டநாடு எனக் கொடுந்தமிழ் நாடு ஒன்றன் பெயரிலும், செய்யுளியலில் யாப்புக் குறியீடாகவும் பயில்வது. நோய்ப்பெயராகிய குட்டம் இதனோடு தொடர்புடையதன்று. ‘குஷ்ட’ என்னும் வடசொல்லின் தற்பவமே. ஒலி ஒத்தமையால் இரண்டனையும் ஒன்றாகக் கொண்டு, உடல் குழிதலால் குட்டமாயிற்று என்று சொற்பிறப்புக் கூறுவாரும் உளர். வடசொல்லின் நேர்வடிவு வெளிப்படையாக இருக்க இவ்வாறு வலிந்து பொருள் காண்டல் வேண்டா.

வடசொல் புகுந்தபோது, அதனோடு ஒரு நோய்ப்பகுப்பு முறையும் உடன் புகுந்தது. சரகர் குட்டத்தைப் பெருங்குட்டம் 7, சிறுகுட்டம் 11 என 18 வகையாகப் பகுத்தார். அப்பதினெட்டனுள் இன்று நாம் தொழுநோய் எனக் கொள்ளத்தக்கன சிலவே. ஏனையவை படையும் சொறியும் செதிலும் வெடிப்புமாகிய பல்வேறு தோல்நோய்கள். எனவே வடமொழி மருத்துவத்தில் குட்டம் என்பது ஒரு நோயின் பெயரன்று, தோல்நோய்கட்கெல்லாம் உரிய பொதுப்பெயர். நிறம் நீங்குதலை அம்மொழியினர் ‘கிலாசம்’, ‘சுவித்திரம்’ என வேறு பெயர்களாற் குறித்தனர். அதர்வ வேதத்து முதற்காண்டத்திலேயே கிலாசம் நீங்கக் கரிய மூலிகையை வேண்டும் பாடல்கள் உள. சரகர் இதனைக் குட்ட மருத்துவம் கூறும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். சுசுருதர் இதனைக் குட்டத்தின் ஒரு வேறுபாடு என்று கூறியும், கிலாசம் தோலளவில் நிற்பது, நீர் கசியாதது என்று இரண்டனையும் பிரித்துக் காட்டினார். அங்ஙனமாக, அவ்வடநூலார் இரண்டனையும் அருகருகே வைத்தனரேயன்றி ஒன்றாக்கினரல்லர்.

தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களுள் யூகி வைத்திய சிந்தாமணி குட்டம் பதினெட்டு என்னும் தொகையை அப்படியே ஏற்றது. வகைப்பெயர்களும் பெரும்பாலும் வடமொழிப் பெயர்களே. சுவேத குட்டமும் அப்பதினெட்டனுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ஈண்டே நுட்பமான மாற்றம் ஒன்று நிகழ்ந்துள்ளது. சரகர் வரிசைக்குப் புறத்தே, அதிகாரத்தின் ஈற்றில் நின்ற வெண்மை, இங்கு வரிசைக்கு உள்ளேயே வந்துவிட்டது. சுசுருதர் கூறிய வேறுபாடு கைவிடப்பட்டது. ‘வெண்குட்டம்’ என்னும் மொழிபெயர்ப்புப் பெயர் பிறத்தற்கு இதுவே வாயிலாயிற்று எனக் கொள்ளலாம்.

ஆயினும் சித்த மருத்துவர் நூல்வழக்கால் தீங்கு விளைந்தது என்று கூறுதல் முறையாகாது. அவர்க்கும் குட்டம் பொதுப்பெயரே. பொதுப்பெயர் சிறப்புப் பெயராகச் சுருங்கிய காலத்தேதான் தீங்கு தோன்றிற்று. மக்கள் வழக்கிலும், பின்னர் அரசு வழக்கிலும் ‘குட்டம்’ என்பது தொழுநோய் ஒன்றையே உணர்த்தலாயிற்று. அங்ஙனம் சுருங்கியபின் ‘வெண்குட்டம்’ என்பது ‘வெண்மையான தோல்நோய்’ என்ற பொருளை இழந்து, ‘வெண்மையான தொழுநோய்’ என்று பொருள்படலாயிற்று. சொல்லின் முற்பகுதி மாறவில்லை. பிற்பகுதியின் பொருள் மாறியதால் தொடர்ப்பொருள் முழுதும் கெட்டது. மொழிநூலார் பொருட்சுருக்கம் என்பர். அத்தகைய சுருக்கத்துக்கு எடுத்துக்காட்டாக நாம் வகுப்பறையில் கூறும் பிற சொற்களால் எவரும் துன்புற்றதில்லை.

ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. எபிரேய மறைநூலின் லேவியராகமம் 13ஆம் அதிகாரம் கூறும் ‘சாராத்’ என்பது வெண்தழும்பு, செதில் முதலிய பலவற்றை அடக்கிய, சடங்குமுறையால் தூய்மையற்றது எனக் கொள்ளப்பட்ட நிலை; ஆடையிலும் சுவரிலும்கூட அது தோன்றுவதாகச் சொல்லப்படும். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர் அதனைச் செதிலுடைய தோல்நோயைக் குறித்த ‘லெப்ரா’ என்னும் சொல்லால் வழங்கினர். உண்மைத் தொழுநோய்க்குக் கிரேக்க மருத்துவரிடம் வேறு பெயர் இருந்தது. இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தபோது, அந்நோயும் லெப்ரா என்றே பெயர் பெற்றது. அதன்பின் லேவியராகமத்து விலக்குகளெல்லாம் தொழுநோயாளர் தலையில் ஏறின. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்துக் ‘குஷ்டரோகம்’ என்று அமைத்தமையால், எபிரேயச் சடங்கு விலக்கும், கிரேக்கச் செதில்நோயும், வடமொழிப் பதினெட்டு வகையும் ஒரு தமிழ்ச் சொல்லில் வந்து ஒன்றாயின. மூன்று மொழிகளின் மயக்கம் ஒரு சொல்லில் இவ்வாறு திரண்டமைக்கு வேறு எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

மக்கள் வழக்கின் நிலையை அறிய ஒரு வட்டாரத்தை நோக்குதல் தகும். திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் அணித்தாய், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்து அமைந்த பேரூர் மம்சாபுரம். வில்லிபுத்தூர்க்கு வடமேற்கே சித்தர் மலையெனப் பெயர்பெற்ற சதுரகிரி உள்ளது. ஆடி அமாவாசையில் மலையேறுவோர் திரள் பெரிது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்தலில் பெயர் பெற்றது. இவ்வட்டாரத்து முதியோர் பேச்சில் தோல்நோய்கள் தத்தம் பெயருடன் தெளிவாகப் பிரித்து வழங்கப்படுகின்றன. தேமல் வேறு, படை வேறு. படர்தாமரை, சொறி, சிரங்கு, கரப்பான் என்பன ஒன்றோடொன்று மயங்குவதில்லை. அக்கி கண்டால் குயவரிடம் சென்று காவிமண்ணால் எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அம்மைக்கோ மருந்தைவிட மாரியம்மனே துணை. தொழுநோயைப் பெருவியாதி என்பர். வெண்புள்ளியைப் பெண்பேசும் இடங்களில் ‘உடம்பில் வெள்ளை இருக்கிறது’ என்று குரல் தாழ்த்திக் கூறுவர்; குட்டம் என்னும் சொல்லை அவ்விடத்துக் கூறார். அச்சொல் எழுத்தறிந்தார் வாயிலும் மருந்துக்கடைப் பலகையிலும் சுவர் விளம்பரத்திலுமே மிகுதி. பாமரர் நாவில் பிரிந்து நின்ற இரண்டனைப் படித்தோர் ஏடு இணைத்தது என்பது இதனாற் பெறப்படும். ஆனால் பெயரைப் பிரித்து வழங்கிய அம்முதியோரும் திருமணப் பேச்சில் அஞ்சினர் என்பதை மறைத்தல் உண்மைக்கு ஒவ்வாது. ‘வெள்ளை’ என்னும் எளிய சொல்லும் பல பெண்டிர்க்கு மணவாழ்வை மறுத்துள்ளது. பெயரின் பிழை அவ்வச்சத்துக்குத் தொற்றுநோய் என்னும் போலிக்காரணத்தைச் சேர்த்துக் கொடுத்தது.

மருந்து வரலாற்றிலும் இவ்விரு நோயும் தனித்தனி வழியே சென்றமை காணலாம். தொழுநோய்க்கு நம்மவர் கையாண்டது மேற்கு மலைத்தொடரில் விளையும் நீரடிமுத்து. சேராங்கொட்டையும் குட்டங்கட்குப் பயின்றது. வீரராசேந்திரன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையில் வைத்த மருந்துகளைப் பட்டியலிடுங்கால் பல்லாதக அரீதகியைக் குறிக்கின்றது. பல்லாதகம் என்பது சேராங்கொட்டை. அம்மருந்து மூலம் முதலிய பிற நோய்க்கும் உரியதாகலின், அங்குத் தொழுநோயாளர் தங்கினர் என்பதற்கு இதனைச் சான்றாக்கல் ஆகாது. நீரடிமுத்தினத்து எண்ணெய் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை உலகெங்கும் தொழுநோய்க்குரிய மருந்தாக இருந்தது. 1940களில் சல்போன் மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தோன்றிய தொழுநோய் மருத்துவ நிலையமும், வேலூரையடுத்த கரிகிரியில் 1955இல் எழுந்த நிலையமும் இத்துறையில் உலகறிந்த பணி செய்தன. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டுமருந்து முறையைப் பரிந்துரைத்தபின் தொழுநோய் முற்றும் தீரக்கூடியதாயிற்று.

வெண்புள்ளிக்கோ மருந்து கார்போகரிசி. அதனை உட்கொண்டும் பூசியும் வெயிலில் காய்தல் பழைய முறை. 1933இல் இந்திய வேதியியலார் அவ்விதையினின்று சோரலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1940களின் இறுதியில் எகிப்திய மருத்துவர் எல்மோப்தி, தம் நாட்டுச் செடி ஒன்றனினின்று பெற்ற அவ்வினப் பொருளையும் ஞாயிற்றொளியையும் கொண்டு வெண்புள்ளிக்கு மருத்துவம் செய்தார். 1974இல் அமெரிக்க மருத்துவர் சோரலெனோடு புற ஊதாக் கதிரை இணைத்துச் செதில்நோய்க்கும் பயன்படுத்தினர். நீரடிமுத்தை வெண்புள்ளிக்கோ, கார்போகரிசியை முதிர்ந்த தொழுநோய்க்கோ தனிமருந்தாக நம்பியிருந்தால் பயன் விளைந்திராது. மருந்தறிந்தார் கையில் வேறுபாடு நின்றது, பெயரில் நின்றிலது.

சட்டத்தின் கண்ணும் குட்டத்தின் நிழல் நீண்டது. 1898இல் ஆங்கில அரசு இயற்றிய தொழுநோயர் சட்டம், வறிய நோயாளரைப் பற்றிச் சென்று அடைத்துவைக்க இடமளித்தது. அது 2016இல்தான் நீக்கப்பெற்றது. இந்துக்களின் பழைய அறநூல் வழக்கில் கொடிய தொழுநோயுடையான் தாயம் பெறும் உரிமை இழந்தான். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் நோய் காரணமாக உரிமை இழத்தல் இல்லை என விதித்தது. ஆனால் 1955இன் இந்துத் திருமணச் சட்டத்தில் தொழுநோய் மணவிலக்குக்குக் காரணமாகவே நின்றது. மருந்து கண்டபின்னும் நெடுங்காலம் அவ்விதி அழியாதிருந்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. ‘வெண்குட்டம்’ என்னும் பெயர் இவ்விதிகள் வழக்கில் இருந்த காலத்தது என்பதை நினைவில் இருத்தல் வேண்டும். குட்டம் மணத்தை முறிக்கும் எனச் சட்டமே கூறிய நாட்டில், தொற்றாத நிறக்குறைபாடுடைய மகளிரைக் குட்டத்தின் பெயரால் அழைத்தல் எத்துணைக் கொடிது என்பது விரித்துரைக்க வேண்டாதது.

இனங்கட்கிடையே நோய் வேறுபடுதலைப் பற்றி ஒரு குறிப்பு ஈண்டுச் சேர்த்தற்குரியது. கருந்தோலினர்க்குத் தோற்புற்று மிக அரிது. வெள்ளையர் குடியேறிய ஆத்திரேலியாவில் அது மிகுதி. இது மெலனின் தரும் காப்பால் நேர்வது. மெய்யான இயற்கை வேறுபாடு. தொழுநோயோ அத்தகையதன்று. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர் என்பது உண்மையே. அதுகொண்டு இதனை வெப்பநாட்டுக் கருநிறத்தார் நோய் என்றனர் முன்னாள் எழுத்தாளர் சிலர். அந்நோயின் நுண்ணுயிரைக் கண்ட ஆன்சென், குளிர்மிக்க நார்வேயின் வெள்ளை உழவரிடமும் மீனவரிடமும் அன்றோ கண்டார்! அங்கு வாழ்க்கைத்தரம் உயர்ந்ததும் அந்நோய் அகன்றது. இராசத்தானத்துப் பாலாத்தல் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த ஏறக்குறைய 4000 ஆண்டுப் பழைமையுடைய எலும்புக்கூட்டில் தொழுநோய்க் குறிகள் இருந்தமை 2009இல் வெளியிடப்பெற்றது. நம் நாட்டில் அதன் பழைமைக்கு அது சான்றாகுமேயன்றி, நம் குருதிக்கு அது உரியது என்பதற்குச் சான்றாகாது.

இனி அகராதி பற்றி ஒன்று. அரசாணை ஒரு சொல்லை அலுவலகத்தினின்று நீக்கவல்லது. பழம்பதிப்பினின்றும் ஏட்டுச்சுவடியினின்றும் நீக்கவல்லதன்று. ‘வெண்குட்டம்’ என்னும் தலைச்சொல்லைப் புதிய அகராதிகளில் விட்டுவிடுதல் நன்று என்பார் கருத்து எமக்கு உடன்பாடன்று. மருத்துவச் சுவடி பதிப்பிக்கும் மாணவர் அச்சொல்லை எதிர்ப்படுவர். அகராதியிற் காணாராயின் குட்டம் என்னும் சொல்லின் இற்றைப் பொருளையே கொண்டு தொழுநோய் எனப் பொருள் எழுதுவர். அச்சொல்லை இருத்தி, குட்டம் என்பதற்குத் தோல்நோய்ப் பொது என்னும் பழம்பொருளை முதலிலும் தொழுநோய் என்னும் பிற்பொருளை அடுத்தும் எழுதி, வெண்குட்டம் என்பதன்கண் ‘தொழுநோய் அன்று; காண்க: வெண்புள்ளி’ என்று குறித்தலே தக்கது. சித்த மருத்துவ நூற் பதிப்புகளின் அருஞ்சொல் அகராதியிலும் பதினெட்டுக் குட்டங்கட்கும் தனித்தனியே இவ்வாறு குறிப்பெழுதுதல் வேண்டும். அவற்றுள் எவை இற்றைத் தொழுநோய், எவை படை, எவை கரப்பான் என்பதைச் சித்த மருத்துவரும் தோல்நோய் மருத்துவரும் தமிழாசிரியரும் ஒருங்கிருந்தே துணிதல் இயலும்.